இருபதாவது கட்டம்

"பன்னிரண்டரை," என்றேன். "பன்னிரண்டு இல்ல. அரை அங்குலம் கூட இருக்கு. இந்த மிஷின் தோத்துப்போச்சு லிபி. வெளிய எடு."

என் மனைவி கத்தரியைக் கீழே வைத்தாள். "திரும்ப அள."

திரும்ப அளந்தேன். என்னுடையது எஃகு அளவுகோல். முப்பத்துநான்கு வருஷம் என்னோடு அறுவடை மிஷின்களின் வயிற்றுக்குள் போய் வந்தது. அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. துண்டுத் துணிகளைச் சேர்த்து அவள் தைத்திருந்த கட்டம் பன்னிரண்டரை அங்குலம்தான். நான்கு பக்கமும்.

"லாடி, அப்படியே இரு. அசையாத," என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள். "டெல்ஃபின்? அடுப்புல ஏதாச்சும் இருந்தா இறக்கி வெச்சுட்டு வா. லாடி ஒண்ணு சொன்னான். அவன் வாயாலயே கேளு."

ரிசீவரை என் வாயருகே நீட்டினாள். நான் தீர்ப்பை இன்னொரு முறை வாசித்தேன். மறுமுனையில் வெடிச்சிரிப்பு. பிறகு நாற்காலி ஒன்று சாயும் சத்தம். டெல்ஃபின், மாதா கோயிலின் நிலவறையில் செவ்வாய்தோறும் கூடிப் போர்வை தைக்கும் பெண்களின் தலைவி. எங்கள் ஊரில் செய்தி பரவ வானொலி தேவையில்லை.

"அந்த அரை அங்குலம் எதுக்குன்னு நெனக்கிற?" லிபி சிரித்து வழிந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "பக்கத்துக்குக் கால் அங்குலம். அடுத்த கட்டத்தோட சேத்துத் தைக்க வேண்டாமா? தைச்சு முடிச்சா அது உள்ள போயிடும். மிச்சம் பன்னிரண்டு. நாப்பத்தோரு வருஷமா இதத்தான் போத்திக்கிட்டுத் தூங்குற. ஒருநாளாவது திருப்பிப் பாத்தியா?"

"தூங்குறப்ப கண்ண மூடிப்பேன்."

"தெரியுது. வா. திருத்து."

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. விதைக் கம்பெனி நாட்காட்டியின் பின்பக்கம். அதில் நானே எழுதியிருந்த பன்னிரண்டை நானே அடித்து, பன்னிரண்டரை என்று எழுதினேன். பக்கத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

அந்தத் தாள்தான் எங்கள் ஒப்பந்தம்.

லிபியிடம் இருபது பழைய தையல் மிஷின்கள் இருந்தன. எங்கள் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு பண்ணை கலைந்தால் ஏலம் போடுவார்கள். முதலில் டிராக்டர் போகும். பிறகு கட்டில், அலமாரி, பாத்திரம். எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பும் நேரத்தில் யாருக்கும் வேண்டாத ஒரு தையல் மிஷின் மிச்சம் நிற்கும். அதற்கு எதிரே லிபி நிற்பாள். "விட்டா பழைய இரும்புக்குப் போட்டுடுவான் லாடி. என்னையே பாத்துது." இருபதும் அவளையே பார்த்தவை. ஆறு வீட்டுக்குள். குளியலறையில் ஒன்று இருந்தது. அதன் மேல் துண்டு வைத்துக்கொள்ளலாம், துண்டை எடுத்ததும் அதைத் தாண்டிக் குளிக்கப் போகலாம். மீதிப் பதினான்கும் கராஜில். என் பிக்கப் வண்டி நான்கு குளிர்காலமாக வெளியே நின்றது. ஜனவரிக் காலைகளில் அதன் கதவைத் திறக்க, கைப்பிடியோடு மன்றாட வேண்டும்.

ஐந்தாவது குளிர்காலம் அப்படிப் போகாது என்று அக்டோபர் முதல் ஞாயிறு, சாப்பாட்டுக்குப் பிறகு அறிவித்தேன். "மொதல் பனிக்குள்ள ஒவ்வொரு மிஷினும் ஒரு பன்னிரண்டு அங்குலக் கட்டம் தைச்சுக் காட்டணும். மூலையெல்லாம் சேந்து நிக்கணும். நான்தான் அளப்பேன். ஒண்ணு தைக்கலேன்னாலும் கராஜ் எனக்கு. உள்ள இருக்கற பதினாலும் ஏலத்துக்கு."

"ஒண்ணே ஒண்ணு தைக்கலேன்னா கூடவா?"

"ஒண்ணே ஒண்ணு."

"எல்லாம் தைச்சுட்டா?"

"வாயே திறக்க மாட்டேன்."

"அதையும் எழுது," என்றாள் லிபி. "பனின்னா என்னன்னும் எழுது. நீ காத்துல ரெண்டு பறந்தாலே பனின்னுவ."

எழுதினேன். பனி என்றால் பிக்கப்பின் பானெட்டில் வெள்ளையாகத் தங்குவது. பறப்பது கணக்கில்லை.

அவள் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டபோதே நான் யோசித்திருக்க வேண்டும். ஆனால் நான் ஏற்கெனவே யோசித்திருந்தேன். முந்தின நாள் மாலை அவள் செபத்துக்குப் போயிருந்தபோது, இருபது மிஷின்களின் சக்கரங்களையும் கையால் சுற்றிப் பார்த்துவிட்டேன். எட்டு சுற்றின. பன்னிரண்டு அசையவில்லை. அறுபது எழுபது வருஷத்து எண்ணெய் உள்ளே காய்ந்து வார்னிஷாக இறுகியிருந்தது. லிபிக்குத் தைக்கத் தெரியும். திருப்புளி அவளுக்குப் பெயிண்ட் டப்பா திறக்கும் கருவி. போர் தொடங்கும் முன்பே நான் ஜெயித்திருந்தேன். பிக்கப்பின் நீளத்தைக்கூட அளந்து வைத்தேன்.

ஓடுகிற எட்டும் ஒரே வாரத்தில் எட்டுக் கட்டம் தைத்தன. எல்லாம் பன்னிரண்டரை.

ஒன்பதாவது, திங்கட்கிழமை காலை என் காபிக்குப் பக்கத்தில் இருந்தது. கறுப்பு உடம்பு. விளிம்பெல்லாம் தங்கக் கொடி.

"இதத் தூக்கிப் போட்டுடலாம் லாடி. ஓட்டோவே சொல்லிட்டான்."

"எந்த ஓட்டோ?"

"ஓட்டோ ஷிமெக்தான். சக்கரத்த ஒரு தடவ அசைச்சுப் பாத்தான். 'இது செத்துப்போச்சு, இந்த மாவட்டத்துல எவனாலயும் முடியாது'ன்னான்."

ஓட்டோ ஷிமெக் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்து டிராக்டர் கடையில் முப்பது வருஷம் மெக்கானிக். நான் இந்தப் பக்கம். அவர்கள் டிராக்டர் பச்சை, எங்களுடையது சிவப்பு. எங்கள் ஊரில் கலப்புத் திருமணம் என்றால் பச்சை வீடும் சிவப்பு வீடும் சம்பந்தம் செய்வதுதான்.

"எவனாலயும்னானா?"

"எவனாலயும்னான். நான் உன் பேரச் சொன்னேன். சிரிச்சான்."

சும்மா திறந்து பார்க்கத்தான் திறந்தேன். மண்ணெண்ணெய் ஒவ்வொரு சொட்டாக விட்டேன். லிபியின் ஹேர் டிரையரால் சூடு காட்டினேன். காத்திருந்தேன். சக்கரம் மயிரிழை அளவு அசைந்தது. மறுபடி சொட்டு, மறுபடி சூடு. மூன்றாம் நாள் சக்கரம் சுற்றியது. சத்தமே இல்லை. தூங்குகிறவர் புரண்டு படுப்பதுபோல் சுற்றியது.

உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தேன். தொண்ணூறு வருஷத்துக்கு முன் யாரோ செய்தது. ஒரு திருகுகூட வேண்டாத இடத்தில் இல்லை. நான் பழுது பார்த்த ஒவ்வொரு அறுவடை மிஷினிலும், அதைச் செய்தவனைத் திட்ட நாற்பது காரணமாவது இருக்கும். இதில் ஒன்று தேடினேன். கிடைக்கவில்லை.

லிபி அதில் ஒன்பது துண்டுகளை வைத்து ஒரு கட்டம் தைத்தாள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நான்கு துணிகளின் மூலைகள் ஒரு புள்ளியில் வந்து நின்றன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரே புள்ளி. அவளோ அதைப் பார்க்கக்கூட இல்லை. கட்டைவிரலால் தடவினாள், ஊசியை இறக்கினாள்.

"எப்படி?"

"ஒரு தையல இடப்பக்கம் மடிக்கணும், எதிர்ல வர்றத வலப்பக்கம். ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஒக்காந்துக்கும். விரலுக்குத் தெரியும்."

பல்சக்கரங்களை அப்படி உட்கார வைக்க எனக்கு நான்கு கருவியும் சில கெட்ட வார்த்தைகளும் வேண்டும்.

"இது ஒண்ணுதான்," என்று கண்டிப்பாகச் சொன்னேன். "ஓட்டோவுக்காக."

"தெரியும்," என்றாள். மறுநாள் பத்தாவது மேசையில் இருந்தது.

"இதுக்கு என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. தொப்பியக் கழட்டினான். எழவு வீட்டுல கழட்டுற மாதிரி."

பத்தாவது ஓடியது. பதினொன்றாவதைப் பார்த்து ஓட்டோ, "லாடிக்குக் கண்ணு மங்கிடுச்சு, பாவம்" என்றானாம். அது இரண்டே நாளில் ஓடியது. இன்னும் ஒன்பது இருக்கின்றன, ஜெயிக்க ஒன்று போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு எட்டு. பிறகு ஏழு. பதினாறாவதுக்கு ஓட்டோவின் பெயரையே அவள் சொல்லவில்லை. மேசையில் வைத்தாள், போனாள். நான் காபியைத் தள்ளி வைத்தேன்.

நவம்பர் பாதியில் பத்தொன்பது கட்டங்கள் சேர்ந்திருந்தன. லிபி அவற்றைக் கூடத்துத் தரையில் வரிசைக்கு நாலாகப் பரப்பியிருந்தாள். ஐந்தாவது வரிசையில் கடைசி இடம் காலி. வானம் சாம்பல் நிறமாக இறங்கியிருந்தது. நான் தானியக் கிடங்குக்குப் போனேன். அங்கே ஊர்க்காரர்கள் கூடிக் காபி குடிக்கும் மேசையில் ஓட்டோ இருந்தான். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

"ஓட்டோ, நீ செத்துப்போச்சுன்ன பதினொண்ணும் இப்ப தைக்குது."

"என்ன பதினொண்ணு?"

"மிஷின்யா. லிபியோட தையல் மிஷின்."

ஓட்டோ கோப்பையைக் கீழே வைத்தான். "லாடி, உன் வீட்டுப் படி ஏறி நான் ஈஸ்டருக்கு அப்புறம் வரவே இல்லையேப்பா."

மேசையைச் சுற்றியிருந்தவர்கள் தத்தம் கோப்பைக்குள் பார்த்தார்கள். ஒருவனுக்குப் புரை ஏறியது.

நான் வெளியே வந்து, பிக்கப்பில் ஏறி, கிளப்பாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பதினொன்று. என் மண்ணெண்ணெய். என் கை. திருப்புளியைப் பெயிண்ட் டப்பாவுக்கு மட்டும் எடுப்பவள், அதைத் தொடாமலே பதினொரு மிஷினைப் பழுது பார்த்திருக்கிறாள். நான் வேலை செய்த கடையில் அவளை மேலாளராகப் போட்டிருந்தால் பச்சை டிராக்டர் ஒன்றுகூட எங்கள் ஊருக்குள் வந்திருக்காது.

வீட்டுக்கு வந்தேன். மேசையில் இருபதாவது இருந்தது.

"ஓட்டோவப் பாத்தியா?"

"பாத்தேன்."

"இதப் பத்தி என்ன சொன்னான்?"

நான் கோட்டைக் கழற்றி மாட்டினேன். "முடியாதுன்னான்," என்றேன்.

இருபதாவது உண்மையாகவே முடியாததுதான். துணியை முன்னே தள்ளும் சின்னக் கை ஒன்று உள்ளே உடைந்து காணாமல் போயிருந்தது. அந்தப் பாகம் எங்கும் கிடைக்காது. தொலைபேசியில் கேட்டவர்களில் பாதிப் பேர் அப்படி ஒரு மிஷினே கிடையாது என்றார்கள். நான் சும்மா இருந்தால் போதும். காபி குடித்துக்கொண்டு பனிக்காகக் காத்திருக்கலாம். கராஜ் என்னுடையது.

பழைய அறுவடைக் கத்தித் துண்டு ஒன்றை எடுத்து அராவ ஆரம்பித்தேன். மூன்று நாள். ஆறு முறை பொருந்தவில்லை. ஏழாம் முறை பொருந்தியது.

லிபி ஒன்பது துண்டுகளை வெட்டி அடுக்கினாள். அடுக்கி, நாற்காலியை என் பக்கம் தள்ளினாள். "நீ தை."

"நானா?"

"அறுவடை மிஷின ரிப்பேர் பண்ணா மொதல் சுத்து யாரு ஓட்டுவா?"

"நான்தான். வேற எவனையும் ஏற விட மாட்டேன்."

"அப்புறம் என்ன?"

காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தேன். இடப்பக்கம் மடித்தேன், வலப்பக்கம் மடித்தேன், விரலால் தடவினேன். விரலுக்குத் தெரிந்தது. பத்தரை மணிக்கு மூலைகள் நான்கும் புள்ளியில் நின்றன. எஃகுக் கோலை எடுத்து வைத்தேன். பன்னிரண்டு. திருப்பி வைத்தேன். பன்னிரண்டு. நான்கு பக்கமும் அச்சடித்ததுபோல் பன்னிரண்டு. இரண்டு மூச்சு விடும் நேரம் எனக்கு உச்சி குளிர்ந்தது.

பிறகு ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். பன்னிரண்டரை.

லிபி கட்டத்தைத் திருப்பித் தையலைப் பார்த்தாள். "கால் அங்குலம் விடணும். நீ அதோட அரைக்கால் சேத்து விட்டிருக்க. ஒவ்வொண்ணுலயும். ஒரே சீரா."

"இது மிஷினோட தப்பு இல்ல. என் தப்பு."

"தாள்ல அப்படிப் போடலயே. மிஷின் தைக்கணும்னு போட்டிருக்கு. உன் கையெழுத்து."

"லிபி, பதினாலும் ஏலத்துக்குப் போயிடும்!"

"போகட்டும். வண்டிய உள்ள விடணும்னுதான கேட்ட?"

"அதுல பன்னிரண்டு நான் தெறந்தது! எவனாவது வாங்கி, மேல பூந்தொட்டி வெப்பான். ஓட்டோ வாங்கிப் பச்சப் பெயிண்ட் அடிப்பான்!"

"அப்பப் பிரி," என்றாள். "இன்னும் பனி விழலயே." தையல் பிரிக்கும் சின்னக் கத்தியை மேசையில் என் பக்கம் உருட்டிவிட்டு, அடுப்புப் பக்கம் திரும்பிக் பழக்கூழ் வைத்துச் சுடும் கொலாச்சி ரொட்டிக்கு மாவு பிசைய ஆரம்பித்தாள்.

பிரித்தேன். என் மிஷின் அத்தனை நெருக்கமாகத் தைத்திருந்தது. ஒவ்வொரு தையலும் எள் அளவு. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. இரண்டு வரிசை பிரிந்தது. மூன்றாவதில் கத்தியை நுழைத்தபோது ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக ஏதோ போனது. பின்னாலேயே இன்னொன்று. பறப்பது கணக்கில்லை. குனிந்து பிரித்தேன். மறுபடி நிமிர்ந்தபோது பிக்கப்பின் சிவப்பு பானெட் சிவப்பாக இல்லை.

லிபியின் முதுகு அசைந்துகொண்டிருந்தது. மாவு மேசையில் தொப் தொப்பென்று விழுந்தது.

மெதுவாக எழுந்துபோய் ஜன்னல் திரையைக் கீழே இழுத்துவிட்டேன். மணி பதினொன்று. சமையலறை இருட்டியது. வந்து உட்கார்ந்து கத்தியை எடுத்தேன்.

லிபி திரும்பாமலே மாவுக் கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு, விளக்கைப் போட்டாள்.