புழு அனுப்பிய நாற்பத்தேழு கடிதங்கள்

ஒரு காட்டில், எல்லாக் காடுகளிலும் இருப்பதுபோல, ஒரு சிங்கம் இருந்தது. அது இந்தக் கதையில் வராது. அதற்குக் கணினி கிடையாது.

அதே காட்டின் தென்கோடியில், இரண்டு பாறைகளுக்கு நடுவே, அம்பலவாணர் என்ற முள்ளம்பன்றி வாழ்ந்துவந்தார். அவரிடம் ஒரு பழைய மேசைக் கணினியும், செண்பகம் என்ற ஒரே மகளும், அடக்க முடியாத கோபமும் இருந்தன.

முள்ளம்பன்றிக்குக் கோபம் வந்தால் உடம்பு சிலிர்க்கும். அம்பலவாணர் சிலிர்த்தால் அதோடு நிற்காது, முள்ளும் கழன்று தைக்கும். பேசிவிட்டுப் போன விருந்தாளி தன் வீட்டில் போய் உட்காரும்போதுதான் மிச்சக் கருத்தைத் தெரிந்துகொள்வார். அவர் மனைவி கோமதி உயிரோடு இருந்த காலத்தில் இதற்கு ஒரு வைத்தியம் சொன்னாள்.

"கோவம் வந்தா முள்ளை விடாதீங்க. யாரு மேல கோவமோ அவங்களுக்கு ஒரு மெயில் எழுதுங்க. பேரு, முகவரி எல்லாம் போடுங்க. அனுப்பாம வச்சிருங்க. ரெண்டு நாள்ல ஆறிரும்."

வைத்தியம் பலித்தது. அம்பலவாணர் ஊரோடு ஒத்துப்போகிறவர் என்று பெயர் எடுத்தார். கோமதி போய் நான்கு வருடம் ஆன பிறகும் அவர் அந்த வழக்கத்தை விடவில்லை. கணினியில் "கோமதி சொன்னபடி" என்று பெயரிட்ட ஒரு பெட்டியில் நாற்பத்தேழு கடிதங்கள் சேர்ந்திருந்தன. எல்லாவற்றிலும் முகவரி இருந்தது. "அனுப்பு" என்ற பொத்தானை அழுத்துவது ஒன்றுதான் பாக்கி.

செண்பகத்துக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை நல்ல இடம், மேற்கு மலை. ஒரே ஒரு சிக்கல்.

"தாய்மாமன் வந்து மாலை போடாம நான் மணையில உட்கார மாட்டேன்" என்றாள் செண்பகம்.

தாய்மாமன் என்றால் கோமதியின் தம்பி ஆவுடையப்பன். அவர் அம்பலவாணரோடு பேசி இருபது வருடம் ஆகிறது. செண்பகத்துக்குக் காது குத்தியபோது அடித்த பத்திரிகையில் தாய்மாமன் பெயரே இல்லை. யாருடைய மடியில் உட்காரவைத்துக் காது குத்த வேண்டுமோ, அவர் பெயரே இல்லை. ஆவுடையப்பன் பத்திரிகையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். உறையையும் உதறிப் பார்த்தார். பிறகு அந்த வீட்டுப் படி ஏறுவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னதைக் காப்பாற்றினார். கோமதி இறந்தபோது மயானம்வரை வந்தார், வீட்டு வாசலுக்கு வரவில்லை.

"அது அச்சுப்பிழை" என்று அம்பலவாணர் இருபது வருடமாகச் சொல்லிவந்தார்.

"அதை மாமாகிட்ட சொல்லிக் கூப்பிடுங்களேன்."

"நானா? நான் பெண்ணைப் பெத்தவன். முதல்ல நான் பேசினா என் மானம் என்ன ஆகுறது?"

மானம் என்ன ஆகும் என்று அந்தக் காட்டில் யாரும் பரிசோதித்துப் பார்த்ததில்லை. 

இதற்கிடையில் பத்திரிகை அடிக்க மாதிரிகள் தேவைப்பட்டன. தேவாங்கு மாசானம் தன் பென்டிரைவில் கொண்டுவந்து இருபது மாதிரிகளைக் கணினியில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். காட்டிலேயே பெரிய கண்கள் மாசானத்துக்குத்தான். திரையைப் பார்ப்பதற்குக் கண்தானே வேண்டும் என்று காடே சேர்ந்து அவரைக் கணினி மெக்கானிக் ஆக்கியிருந்தது. பென்டிரைவைத் தாயத்துபோலக் கழுத்தில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவார்.

அம்பலவாணர் மாதிரிகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். பதினேழாவதைத் திறந்தபோது ஒன்றும் வரவில்லை. பதினெட்டுக்குப் போனார்.

மறுநாள் காலையிலிருந்து கணினி மூச்சு வாங்கியது. உள்ளே இருக்கும் விசிறி நெல் புடைப்பதுபோல இரைந்தது. யாரும் தொடாதபோதே இணையப் பெட்டியின் பச்சை விளக்கு படபடவென்று மினுக்கியது. வயசாகிவிட்டது என்று அம்பலவாணர் நினைத்தார். தன் முழங்காலுக்கும் அவர் அதே காரணத்தைத்தான் சொல்வார்.

பத்து மணிக்கு முயல் போன் செய்தது.

"அண்ணாச்சி, மூணு வார்த்தையில முடியிற சேதிய நான் மூணு மணி நேரம் சொல்லுவேனாமே?"

"யார் சொன்னது?"

"நீங்கதான். எழுத்துல. நான் என்ன அப்படியா பேசுறேன்? போன வாரம்கூட எங்க சித்தி வீட்டுக்குப் போயிருந்தப்ப..."

முயல் ஒரு மணி நேரம் பேசியது. அது போனை வைத்ததும் குளத்து வாரியத் தலைவர் யானை கூப்பிட்டார்.

"தும்பிக்கை நீளம் என்பதால் குளம் உமக்குச் சொந்தமாகிவிடாதுன்னு எழுதியிருக்கீரே. ஓய், கல்யாணம் என்னைக்கு? நேர்ல வந்து பேசிக்கிறேன்."

அடுத்தது சம்பந்தி.

"எங்க வீட்டுல குடுத்தது காப்பியா, இல்ல காப்பிப் பாத்திரம் கழுவின தண்ணியான்னு விளக்கம் கேட்டிருக்கீங்க. கல்யாணத்துக்கு வர்றோம். உங்க வீட்டுக் காப்பியைக் குடிச்சுப் பார்த்துட்டு விளக்கம் சொல்றோம்."

அம்பலவாணருக்கு முள் எல்லாம் நிமிர்ந்து நின்றுவிட்டது. செண்பகம் ஓடிப்போய் மாசானத்தைக் கூட்டிவந்தாள். ஓடியது அவள்தான். மாசானம் தேவாங்கு ஆனபடியால் மதியம்தான் வந்து சேர்ந்தார்.

வந்தவர் முதல் வேலையாக இணையக் கம்பியைப் பிடுங்கினார். அவர் வாழ்நாளில் வேகமாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். பிறகு, உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு, இமைக்காமல் பார்த்தார்.

"ஐயா, இந்தா இருக்கான் பாருங்க. காவல்காரன் பேரை வச்சுக்கிட்டு அடுப்படியில உட்கார்ந்திருக்கான். இந்தப் பேர்ல இருக்கிறவன் இருக்க வேண்டிய இடமே வேற. இது புழு. வைரஸ் மாதிரி ஒருத்தர் முதுகுல ஏறிப் போகாது. தன்னைத்தானே நகலெடுத்து, மெயில்ல ஒட்டிக்கிட்டு வீடு வீடாப் போகும்."

மாசானம் அதை நிறுத்தினார். அது போய், மூன்று நொடியில் திரும்பி வந்து உட்கார்ந்தது. மறுபடி நிறுத்தினார். மறுபடி வந்தது.

அம்பலவாணருக்குப் பொறுக்கவில்லை. "ஏ புழுவே, நான் உனக்கு என்ன கெடுதல் செய்தேன்?" என்று கத்தினார்.

இது நீதிக்கதை ஆகையால் புழுவுக்கும் பேச்சு வரும். திரையில் ஒரு சிறு கட்டம் விரிந்தது.

"ஒரு கெடுதலும் இல்லை" என்றது புழு. "எழுதியது நீர். முகவரி போட்டது நீர். நான் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை, பிழைகள் உட்பட. அனுப்பு என்ற பொத்தானை மட்டும் அழுத்தினேன். அதற்கு இந்தக் கோபமா?"

அம்பலவாணர் திரையை முறைத்தார்.

"நாற்பத்தாறு போய்விட்டது" என்றது புழு. "ஒன்றில் படம் இணைத்திருந்தீர். கனம் அதிகம். அதைக் கடைசிக்கு வைத்தேன். கம்பியைப் பிடுங்கிவிட்டீர்கள்."

மாசானம் அனுப்பும் வரிசையைத் திறந்தார். ஒரே ஒரு கடிதம் நின்றுகொண்டிருந்தது. பெறுநர்: ஆவுடையப்பன். இணைத்திருந்த படத்தில் சிறுமியாக இருந்த கோமதி, அப்போதுதான் முள் முளைக்கத் தொடங்கிய தம்பியைத் தூக்க முடியாமல் தூக்கி வைத்திருந்தாள்.

அம்பலவாணர் மறைப்பதற்குள் செண்பகம் கடிதத்தைப் படித்துவிட்டாள்.

"மாப்ளே, அது அச்சுப்பிழை இல்லை. அச்சகத்துக்காரன் உன் பெயரைச் சரியாகத்தான் கோத்திருந்தான். அதற்கு முந்தின வாரம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, இந்தச் சாம்பாரில் பருப்பைத் தேட ஆள் போட வேண்டும் என்றாய். உன் அக்காதான் வைத்தாள் என்று நினைத்துச் சொன்னாய். அன்றைக்கு வைத்தது நான். அந்த ஆத்திரத்தில் உன் பெயரை என் கையாலேயே நீக்கினேன். உன் அக்காவிடமும் பிழை என்றே சொன்னேன். கடைசி மூன்று நாளும் அவள் கட்டிலை வாசல் பக்கம் திருப்பிப் போடச் சொன்னாள். காற்றுக்கு என்று சொன்னாள். எனக்குத் தெரியும், காற்றுக்கு இல்லை."

செண்பகம் அப்பாவைப் பார்த்தாள். "அச்சுப்பிழைன்னீங்களேப்பா."

அம்பலவாணரின் முள்ளெல்லாம் படிந்துவிட்டது. அப்படிப் பார்க்க அவர் பெரிய எலிபோல இருந்தார்.

மாசானம் தொண்டையைக் கனைத்தார். "ஐயா, இப்ப புழுவை எடுத்துட்டா இந்த வரிசையும் சேர்ந்து போயிரும். கடிதம் நல்லாத்தானே இருக்கு? சுத்தம் பண்ணிட்டு நீங்களே அனுப்பிருங்களேன்."

"நானா?" என்று அம்பலவாணர் மறுபடி சிலிர்த்தார். "இருபது வருஷம் பேசாத வீட்டுக்கு நானா முதல்ல எழுதுறது?"

"எழுதிட்டீங்களே ஐயா."

"எழுதுறது வேற, அனுப்புறது வேற. நான் அனுப்பினா அது நான் இறங்கிவந்தது. புழு அனுப்பினா அது புழு செஞ்ச தப்பு." பிடுங்கிப் போட்ட கம்பியைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "கம்பியைச் சொருகு" என்றார்.

"ஐயா, அந்தக் கடிதத்தோட புழுவும் போகும். உங்க மச்சினர் கணினியும் கெட்டுப்போகும்."

"கெடட்டும். என் சாம்பாரைப் பேசினவன்தானே."

மாசானம் கம்பியைச் சொருகினார். பச்சை விளக்கு மினுக்கியது. படத்தின் கனத்தால் கடிதம் ஊர்ந்து ஊர்ந்து போனது. மூன்று பேரும் சேர்ந்து ஒரு புழுவுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "அனுப்பப்பட்டது" என்று வந்தது.

"சரி" என்றார் அம்பலவாணர். "இப்ப அந்தத் திருட்டுப் பயலைக் கொல்லு."

"உமக்கு நன்றி என்பதே கிடையாதா?" என்றது புழு.

கிடையாது. மாசானம் கம்பியை மறுபடி பிடுங்கினார். அத்தியாவசிய நிரல்கள் மட்டும் விழிக்கும்படி கணினியைப் பாதுகாப்பு முறையில் எழுப்பினார். கணினி விழிக்கும்போதெல்லாம் புழுவையும் எழுப்பிவிடச் சொல்லி ஒளித்துவைத்திருந்த கட்டளையைத் தேடி அழித்தார். செத்ததைப் பிழைக்கவைத்துக்கொண்டிருந்த இரட்டைப் பிறவியை வேறொரு பெட்டியிலிருந்து இழுத்துப்போட்டார். இரண்டு தரம் அணைத்து எழுப்பினார். விசிறி அடங்கியது.

பிறகு கழுத்திலிருந்த பென்டிரைவைச் சொருகி, அதிலிருந்து ஒரு காவல் நிரலை ஏற்றினார். காவல் நிரல் கண் திறந்ததும் முதன்முதலாக, "இந்தப் பென்டிரைவில் புழு உள்ளது" என்று கூவியது.

மூவரும் பென்டிரைவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இந்த மாசம் எத்தனை வீட்டுக்குப் போனே?" என்று கேட்டார் அம்பலவாணர்.

"பதினாலு" என்றார் மாசானம். பிறகு, பேச்சை மாற்றுவதற்காக, "பத்திரிகை மாதிரி பிடிச்சிருந்துதா ஐயா?" என்றார்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. அம்பலவாணர் தினமும் மெயில் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஆவுடையப்பனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நான்காம் நாள் மட்டும் காவல் நிரல் மூலையில் எட்டிப்பார்த்து, "ஆபத்தான கடிதம் ஒன்று வந்தது. நீங்கள் பார்க்கும் முன்பே அழித்துவிட்டோம். நிம்மதியாக இருங்கள்" என்றது. அம்பலவாணருக்கு நிம்மதி வரவில்லை. செண்பகம் புடவை எடுக்க வரமாட்டேன் என்று படுத்துக்கொண்டாள்.

கல்யாண நாள் வந்தது. அந்தக் காட்டில் அப்படி ஒரு கூட்டம் கூடியதே இல்லை. சண்டை போட வேண்டும் என்று நாற்பத்தாறு பேர் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அன்பினால் கூப்பிட்டிருந்தால் பாதிப்பேர் மொய்யை அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்திருப்பார்கள். சாப்பிட்டுவிட்டுச் சண்டை போடலாம் என்று பந்தியில் உட்கார்ந்தார்கள். சாப்பிட்ட பிறகு தூக்கம் வந்துவிட்டது. சம்பந்தி மட்டும் இரண்டு டம்ளர் காப்பி குடித்துவிட்டு, "தண்ணிதான். ஆனா சூடா இருக்கு" என்று தீர்ப்புச் சொன்னார்.

செண்பகம் மணைக்குப் பக்கத்தில் நின்றாள். உட்காரவில்லை. முகூர்த்தத்துக்குக் கால் மணி நேரம் இருந்தபோது வாசலில் சரசரவென்று முள் உரசும் சத்தம் கேட்டது. கையில் மாலையோடு ஆவுடையப்பன் படிக்குக் கீழே நின்றார்.

"உங்க கடிதத்துக்காக வந்தேன்னு நினைச்சுக்கிடாதீங்க அத்தான்" என்றார். "அதை நீங்க அனுப்பலை, புழு அனுப்பிச்சுன்னு என் கணினி கெட்டுப்போனதுமே தெரிஞ்சுபோச்சு. அதனாலதான் வந்தேன். நீங்களே அனுப்பியிருந்தா, கல்யாணத்துக்கு ஆள் பிடிக்க நடிக்கிறீங்கன்னு கிழிச்சுப் போட்டிருப்பேன்."

அம்பலவாணர் தலையாட்டினார்.

"என் பதில் வந்துதா?"

"பதிலா?"

"என் பெட்டியிலயும் உங்களுக்கு எழுதின ஒண்ணு இருந்துச்சு. அக்கா போன அன்னைக்கு எழுதினது. அதைப் புழு அனுப்பிருச்சு. படிச்சீங்களா?"

நிம்மதியாக இருக்கச் சொன்ன காவல் நிரல் அம்பலவாணருக்கு நினைவு வந்தது. "படிச்சேன் மாப்ளே" என்றார். "முழுசும் படிச்சேன்."

"அதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணும் இல்லை" என்று ஆவுடையப்பன் படி ஏறினார். செண்பகம் மணையில் உட்கார்ந்தாள். பந்தியில் சாம்பாரை ஊற்றியபோது ஆவுடையப்பன் கரண்டியைப் பார்த்தார், அம்பலவாணரைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் இரண்டாம் தரம் வாங்கினார்.

மறுநாள் அம்பலவாணர் காவல் நிரலைக் கணினியிலிருந்து நீக்கினார். அழித்த கடிதம் திரும்பி வரவில்லை.

அதுமுதல் அந்தக் காட்டில் கல்யாணம் நிச்சயமான வீட்டார், தாலிக்குப் பொன்னுருக்குவதற்கு முன்னால், வெற்றிலை பாக்கு வைத்து மாசானத்தின் பென்டிரைவை வீட்டுக்கு அழைத்துப்போவது சம்பிரதாயம் ஆயிற்று. அதை மாசானம் இன்றுவரை சுத்தம் செய்யவில்லை.

நீதி: மனத்தில் உள்ளதை நாமே சொன்னால் மானம் போகும், புழு சொன்னால் பந்தி நிறையும். ஆகவே முதலில் கல்யாணத்தை முடியுங்கள், கணினியைப் பிறகு சுத்தம் செய்யலாம்.