துணைவியைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கியவர்

பத்திரிகைத் தொழிலில் தவறு செய்பவர்கள் இரண்டு வகை. தெரியாததை அப்படியே எழுதிவிடுபவர்கள் ஒரு வகை. தெரியாததைத் திருத்தி எழுதுபவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினரை வாசகர்கள் மன்னித்துவிடுவார்கள். நான் இரண்டாவது வகை.

அப்போது ஆவடியில் இருந்து வெளிவந்த ஒரு வட்டார வார இதழில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். வீடு வீடாக இலவசமாகப் போடுகிற இதழ். பாதிப் பக்கம் மனை விளம்பரம், மீதிப் பக்கம் தெருநாய்த் தொல்லை. எங்கள் ஆசிரியருக்கு ஒரே ஒரு கொள்கைதான் உண்டு: இதழில் ஆங்கிலச் சொல் வரக்கூடாது. பஸ் பேருந்தாக வேண்டும், டீ தேநீராக வேண்டும். (ஒருமுறை 'பஞ்சர்' என்பதற்குச் சரியான தமிழ் கிடைக்காமல், பஞ்சர் ஆன செய்தியையே எடுத்துவிட்டோம்.) அலுவலகத்திலேயே வேகமாகத் தமிழாக்குகிறவன் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

பழைய நெடுஞ்சாலை ஓட்டல்களைப் பற்றி லாரி ஓட்டுநர்களிடம் பேசி ஒரு முழுப் பக்கம் எழுதச் சொன்னார் ஆசிரியர். வேலப்பன்சாவடியில் லாரிகள் நிற்கும் காலி மனைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. அங்கேதான் ஏகாம்பரம் கிடைத்தார். பாரிவாக்கத்துக்காரர். வாழ்நாள் முழுக்க லாரி ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் பகல் பொழுதை லாரிகளைப் பார்த்துக்கொண்டேதான் கழித்தார். பக்கத்தில் அவருடைய நண்பர் டில்லி, இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்.

"பேப்பரா நைனா? எழுதிக்கோ" என்று ஆரம்பித்தார் ஏகாம்பரம். "அந்தக் காலத்துல எங்களுக்கு லாட்ஜுன்னா இன்னா தெரியுமா? ஓட்டல் வாசல்ல போட்டுகீற கவுத்துக் கட்டிலு. சாப்ட்டா கட்டிலு ஓசி. சாப்டலன்னா வண்டிக்கு அடியில படுக்க வேண்டியதுதான்."

"ஓசி கட்டில்ல படுத்தா மூட்டப்பூச்சிக்கு நாமதான் சாப்பாடு" என்றார் டில்லி.

வாலாஜாவுக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டல். அதன் முதலாளி வண்டியைப் பார்க்காமலே ஹாரன் சத்தத்தை வைத்து ஆளை அடையாளம் சொல்வாராம். ஏகாம்பரத்தின் ஹாரன் சாலையில் கேட்டதும் கல்லில் இரண்டு முட்டை உடைபடும். "ஒருவாட்டி வேற ஒரு கம்னாட்டி என் ஆரன் மாரியே வாங்கி மாட்டிகினான். ஒரு மாசம் என் முட்டைய எல்லாம் அவன்தான் துன்னான்!" ஆந்திர எல்லையில் தடா தாண்டினால் ஓர் ஓட்டலில் பெரிய பீப்பாயில் எந்நேரமும் வெந்நீர் கொதிக்கும். குளிக்கிறவர் எவ்வளவு மொள்கிறாரோ அவ்வளவு தண்ணீரை அடித்து ஊற்றிவிட்டுப் போக வேண்டும் என்பது அங்கே சட்டம். சுவரில் ஒரு கண்ணாடி, அதன் பக்கத்தில் சங்கிலி போட்டுக் கட்டிய சீப்பு. (சீப்பைத் திருடுவார்களா என்று கேட்டேன். "கண்ணாடியே மூணாவது" என்றார் டில்லி.)

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். பக்கம் நன்றாக வந்துகொண்டிருந்தது. மனிதம் கொஞ்சம் குறைகிறதோ என்று எனக்குத் தோன்றியது. குரலைத் தாழ்த்திக் கேட்டேன்: "அப்படி ஊர் ஊரா தனியா படுக்கும்போது மனசுக்குக் கஷ்டமா இருக்காதா?"

"தனியாவா?" ஏகாம்பரம் சிரித்தார். "எங்க படுத்தாலும் ஸ்டெப்னிய கீழ எறக்கி, தலமாட்டுல வச்சினுதான் படுப்பேன். உட்டா எவனாவது தூக்கினு போயிடுவான்."

ஸ்டெப்னி என்றால் லாரியின் மாற்றுச் சக்கரம். இது தமிழ்நாட்டில் பால்குடி மறந்த எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் சைக்கிளுக்கு மேல் ஒரு வாகனம் இருந்ததில்லை. சைக்கிளுக்கு ஸ்டெப்னி கிடையாது. அந்தச் சொல்லை நான் கல்லூரி விடுதியில்தான் கேட்டிருந்தேன். அங்கே அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான், அது சக்கரம் அல்ல.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இப்படியும் மனம் திறந்து பேசுகிற மனிதரா!

"எவ்வளவு நாளா?"

"லைன்ல எறங்குன நாள்லேர்ந்து. பழசுதான். ஆனா அவசரத்துக்குக் கை குடுக்கும். ஆந்திரா போனா ரெண்டா வச்சிப்பேன்."

"வீட்டுல தெரியுமா?"

"தெரியாம? 'பத்திரமா பாத்துக்கோ'ன்னு அவளே சொல்லித்தான் அனுப்புவா. காலைல எழுந்ததும் ரெண்டு தட்டு தட்டுவேன். சத்தம் நல்லா வந்துச்சுன்னா கெளம்பிட வேண்டியதுதான்."

அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்தேன். ஸ்டெப்னி ஆங்கிலச் சொல்; கொள்கைப்படி கூடாது. 'சின்ன வீடு' கொச்சை. கண்ணியமான ஒரு சொல் தேவைப்பட்டது. மேடைகளில் மனைவிக்கு அடுத்த நாற்காலிக்கு வழங்கும் அந்த மரியாதையான சொல் நினைவுக்கு வந்தது: துணைவி.

அச்சில் இப்படி வந்தது: "எங்கே படுத்தாலும் என் துணைவியைக் கீழே இறக்கி, தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் உறங்குவேன். விட்டால் யாராவது தூக்கிச் சென்றுவிடுவார்கள். ஆந்திரா சென்றால் இரண்டு துணைவிகள். என் மனைவியே 'பத்திரமாகப் பார்த்துக்கொள்' என்று சொல்லி அனுப்புவாள். காலையில் அன்பாக இருமுறை தட்டுவேன்; இனிய குரல் கேட்டதும் புறப்படுவோம்."

'இனிய' என்பது நான் சேர்த்தது. தலைப்பும் நான் கொடுத்ததுதான்: 'துணைவியின்றிப் பயணமில்லை'. கீழே, ஏகாம்பரம் எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கும் படம். ஆசிரியர் படித்துவிட்டு, "துணிச்சலான பேட்டி" என்று என் முதுகில் தட்டினார். இரண்டு தட்டு.

இதழ் பாரிவாக்கம் போய்ச் சேர்ந்த அன்று காலையில் தொலைபேசி வந்தது.

"நைனா... இன்னா எழுதி வச்சிக்கீற?" என்றார் ஏகாம்பரம். "என் ஊட்டுக்காரி கஸ்தூரி கதவ சாத்திகினா. என் தலகாணிய தூக்கி வாசல்ல போட்டுட்டா. 'அந்தத் துணைவி எங்க கீறாளோ அங்கியே போயி படு'ன்றா."

"நீங்க சொன்னதைத்தானே எழுதினேன்?"

"நான் டயர சொன்னேன்யா!"

அந்த ஒரு நொடியில் என் தமிழறிவில் இருந்த காற்று முழுவதும் இறங்கியது.

ஏகாம்பரம் மூச்சு விடாமல் சொன்னார். லாரியை விட்டதில் இருந்து அவருக்கு வீட்டில் தூக்கம் வருவதில்லை. விடிய விடியப் புரண்டுகொண்டே கிடப்பார். ஏன் என்று கஸ்தூரியம்மாளுக்கு இவ்வளவு நாளாகப் புரியாமல் இருந்தது. இப்போது என் கட்டுரையில் காரணம் கிடைத்துவிட்டது. "'அவள நெனச்சினுதான பொரண்டுகினு கெடந்த'ன்னு கேக்கறா நைனா. கல்யாணம் ஆயி இத்தினி வருசத்துல அவ அழுது நான் பாத்ததில்ல. உள்ள அழுவற சத்தம் கேக்குது. நான் ஊட்டுக்குள்ள போவணும். நீதான் பிரிச்சு உட்ட, நீதான் சேத்து வைக்கணும்."

ஆசிரியரிடம் ஓடினேன். அடுத்த வாரம் திருத்தம் போடலாம் என்றார். அதுவரை ஏகாம்பரம்? "டீக்கடையில இருக்கட்டும்" என்றவர், உடனே சுதாரித்து, "தேநீர்க் கடையில்" என்று திருத்திக்கொண்டார்.

வழி சொன்னவர் டில்லிதான். "அந்தம்மா வாய் வார்த்தைய நம்பாது. துணைவிய நேர்ல கொண்டுபோயி காட்டு." தன் லாரியிலேயே என்னையும் ஏகாம்பரத்தையும் ஏற்றிக்கொண்டு பாரிவாக்கம் வந்தார். தெருவில் மின்கம்பி தாழ்வாக இருந்ததால் லாரி உள்ளே போகவில்லை. ஏரிக்கரை மேலேயே நிறுத்தி, ஸ்டெப்னியைக் கழற்றி இறக்கினார்.

"நீயே உருட்டு. உன் துணைவிதான?"

லாரிச் சக்கரத்தை உருட்டுவது கஷ்டமே இல்லை. நிறுத்துவதுதான் கஷ்டம். கரையில் இருந்து தெருவுக்கு இறங்கும் சரிவில் இரண்டடி என்னுடன் வந்தது. பிறகு தனியாகப் போயிற்று. நான் இஸ்திரி போட்ட சட்டையும் தோள்பையுமாக, "ஓரம்! ஓரம்!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். ஓர் ஆடு சுவர் மேல் ஏறியது. தண்ணீர் கேன்காரர் கேனை விட்டுவிட்டு மின்கம்பத்தைக் கட்டிக்கொண்டார். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. சக்கரம் யாரையும் தொடாமல், வழி விசாரித்துக்கொண்டு வந்த மாதிரி, நேராக ஏகாம்பரத்தின் வீட்டுக் கேட்டை இடித்துத் திறந்து உள்ளே நுழைந்தது. வாசலில் சுற்றிச் சுற்றித் தள்ளாடி, சத்தம் கேட்டுக் கதவைத் திறந்த கஸ்தூரியம்மாளின் காலடியில் சாஷ்டாங்கமாக விழுந்தது.

"இன்னாடா இது?"

மூச்சிரைக்க நின்றேன். சுற்றிலும் முப்பது முகங்கள். "அம்மா... இதுதான் அந்தத் துணைவி."

விளக்கினேன். ஸ்டெப்னி, மாற்றுச் சக்கரம், ஆசிரியரின் கொள்கை, என் மொழிபெயர்ப்பு. கஸ்தூரியம்மாள் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"ஏன் சார், தமிழ்ல டயருக்குப் பேரு பொண்டாட்டியா?"

தெரு சிரித்தது.

"பேப்பர்ல எழுதுன நீயே, இப்ப மாத்திச் சொல்ற" என்றார் அவர். குரலில் சிரிப்பு இல்லை. "இந்த மனுசன் காசு குடுத்து உன்னிய இட்டுகினு வந்துகீறான்னு நான் சொன்னா? ஊட்டுல மெத்த வாங்கிப் போட்டேன். கண்ண மூட மாட்டேன்றான். ரோட்டுல, டயர்ல தலைய வச்சினு தூங்குனானா? எங்க, இட்டுகினு வா அந்தாள. என் கண்ணு எதுர்ல தூங்கிக் காட்டட்டும்."

டில்லியின் முதுகுக்குப் பின்னால் இருந்து ஏகாம்பரம் வெளியே வந்தார். துண்டை உதறித் தரையில் விரித்தார். சக்கரத்தைக் காலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். அதன் மேல் தலையைச் சாய்த்து, ஒரு கையைக் கண்ணுக்குக் குறுக்கே போட்டுக்கொண்டார்.

உச்சி வெயில். சுற்றிலும் ஊர். யாராவது தூங்குவார்களா?

"நடிக்கறாரு" என்றது ஒரு குரல்.

"இன்னும் நடிக்கவே ஆரம்பிக்கல" என்றது இன்னொன்று.

என் வேலை, என் தமிழ், அந்த மனிதரின் குடும்பம் எல்லாம் அந்த ஒரு ஜோடி இமைகளில் தொங்கின. நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் விரல்கள் தளர்ந்து பக்கவாட்டில் சாய்ந்தன. கை வழுக்கிக் கீழே விழுந்தது. பிறகு அது வந்தது. முதலில் விசில் மாதிரி மெல்லிதாக. அப்புறம் மேட்டில் ஏறும் பார வண்டி மாதிரி, கியர் மாற்றி மாற்றி, தெருக்கோடி வரை கேட்கிற அசல் குறட்டை.

டில்லி இரண்டு கையையும் தூக்கினார், கோல் போட்டவர் மாதிரி. "தோ பார்ரா! இது வாலாஜா கொறட்ட!" தெருவில் விசில் பறந்தது. தண்ணீர் கேன்காரர் கை தட்டினார். ஏன் தட்டுகிறோம் என்று தெரியாத பிள்ளைகளும் தட்டின.

"ஷ்..."

கஸ்தூரியம்மாள் உதட்டில் விரலை வைத்திருந்தார். "கத்தாதீங்க. ரிடைராயி வந்ததுலேர்ந்து இந்தக் கொறட்டைய நான் கேக்கல." உள்ளே போய் ஒரு பழைய புடவையை எடுத்து வந்து, கேட்டுக்கும் ஜன்னலுக்குமாகக் கட்டி அவர் முகத்துக்கு நிழல் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ உள்ள வா. ஓடி வந்ததுல மூஞ்சே செத்துப்போச்சு. மோர் குடிக்கறியா?"

ஏகாம்பரம் மாலை வரை எழுந்திருக்கவில்லை. டில்லி ஸ்டெப்னியைக் கேட்டதற்கு, "அது இங்கியே கெடக்கட்டும்" என்று கஸ்தூரியம்மாள் சொல்லிவிட்டார். மெத்தை மகள் வீட்டுக்குப் போயிற்று.

அலுவலகத்தில் திருத்தம் எழுத உட்கார்ந்தபோது இன்னொரு சிக்கல். 'துணைவி என்பதை ஸ்டெப்னி என்று திருத்தி வாசிக்கவும்' என்று எழுதிப் பார்த்தோம். நிலைமை முன்பைவிட மோசமானது. கடைசியில் ஆசிரியரே தோல்வியை ஒப்புக்கொண்டு, தன் கையால், 'லாரி டயர்' என்று எழுதினார். எங்கள் இதழில் அச்சான முதல் ஆங்கிலச் சொற்கள் அவை. அதற்குப் பிறகு எங்களைத் தேடி ஓட்டுநர்கள் வர ஆரம்பித்தார்கள். நூம்பலில் இருந்தும் பூந்தமல்லியில் இருந்தும், பலரை அவரவர் மனைவிமார்களே அழைத்து வந்தார்கள். "இவரும் அந்த ஓட்டல்லதான் படுத்தாராம், நல்லா விசாரிச்சு எழுதுங்க சார்." ஒரு பக்கம் என்று தொடங்கியது தொடராக ஓடியது. என் வேலையும் நிரந்தரமானது.

போன வருடம் எனக்குத் திருமணம். திருநின்றவூரில் நடந்த வரவேற்புக்கு ஏகாம்பரமும் கஸ்தூரியம்மாளும் வந்தார்கள். மேடை ஏறிய கஸ்தூரியம்மாள் என்னை விட்டுவிட்டு மணப்பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு, இவரு எழுதறத நம்பாத. வாயால சொன்னாலும் நம்பாத. எதுவா இருந்தாலும் நேர்ல காட்டச் சொல்லு."

திருமணத்தில் ஐயர் சொல்லிக் கொடுத்த மந்திரம் எதுவும் என் மனைவிக்கு நினைவில்லை. இது மட்டும் இருக்கிறது. நேற்றுகூட, ரயில் பட்டாபிராமில் நின்றுவிட்டது, வரத் தாமதமாகும் என்று தொலைபேசியில் சொன்னேன். போட்டோ கேட்டாள். அனுப்பினேன்.

"இதுல ஊர்ப் பேர் தெரியல. எறங்கி எடு" என்றாள்.

இறங்கி எடுத்தேன். ரயில் போய்விட்டது.