நாலாம் ஆள்

திண்டுக்கல்லிலிருந்து காலையில் மதுரை போகும் பாசஞ்சரில் எத்தனை பேர் உட்காரலாம் என்று பெட்டிக்குள்ளேயே எழுதியிருக்கும். அதை ஒருநாளும் நம்பாதவர் எங்கள் நாலாம் ஆள். உலகத்தில் எந்த ரயிலும் நிறைந்ததே கிடையாது என்பது அவர் கட்சி. "இன்னும் ஓராளுக்கு இடம் கெடக்கு" என்பார். அந்த ஓராள் எப்போதும் அவர்தான்.

பெயர் யாருக்கும் தெரியாது. மதுரைக் கடைகளுக்கு விற்பனைக்குப் பூட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கிறவர். மூன்று பேர் உட்காரும் பலகையில் நாலாவதாக வந்து ஒட்டிக்கொள்வதால் அந்தப் பெயர்.

அப்போது எங்கள் வீட்டில் கைக்குழந்தை. பகலெல்லாம் தூங்கிவிட்டு ராத்திரி முழுக்கக் கச்சேரி வைக்கிற ரகம். எனக்கோ மதுரையில் ஆபீஸ். ரயிலில் கிடைக்கும் ஒரு தூக்கத்தை நம்பித்தான் உயிர் வாழ்ந்துகொண்டிருந்தேன். அந்தத் தூக்கத்தின்மேல்தான் இவர் வந்து உட்காருவார்.

முதலில் பலகை ஓரத்தில் கால்வாசி. அம்பாத்துரையில் வண்டி குலுங்கினால் அரைவாசி. கொடைரோடு தாண்டுவதற்குள் அவர் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்திருப்பார். ஜன்னலோரத்து ஆள் கம்பியோடு கம்பியாகியிருப்பார். பூட்டுப் பையின் பாதிக் கனம் என் தொடையில்.

ஒருமுறை மெட்ராஸ்காரர் ஒருவரிடம், "சார், செத்த தள்ளி உக்காருங்க" என்றார்.

மெட்ராஸ்காரர் சிவந்துபோனார். "யாரைப் பார்த்து செத்தவன்னு சொல்றே?"

செத்த என்றால் எங்கள் ஊரில் கொஞ்சம் என்று அர்த்தம் என நாங்கள் மூன்று பேர் எழுந்து நின்று விளக்கினோம். அவரைச் சமாதானப்படுத்திவிட்டுத் திரும்பினால், எங்கள் இடத்தில் நாலாம் ஆளும், பூக்கூடையோடு ஒரு அம்மாவும், அந்தம்மாவின் அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள். மதுரை வரை நின்றுகொண்டே போனோம். நின்றுகொண்டு தூங்கக் குதிரையால்தான் முடியும், எனக்கு வரவில்லை.

பிறகு ஒருநாள் வண்டியில் கூடுதலாக இரண்டு பெட்டி மாட்டினார்கள். கூட்டம் கடைசிப் பெட்டிகளுக்கு ஓடிவிட்டது. எங்கள் பெட்டியில் பலகைகள் காலியாகக் கிடந்தன; என் பலகையில் மட்டும் வழக்கம்போல் நாங்கள் மூன்று பேர். முந்தின ராத்திரி குழந்தைக்குக் காய்ச்சல், கண் மூடவில்லை. இன்றைக்காவது தூங்கலாம் என்று சாயும்போது பூட்டுப் பை தொடையில் இறங்கியது.

"அண்ணே, எதுத்த பலகை பூராம் காலியா கெடக்குல்ல?"

"கெடக்கட்டும் சார். யாராச்சும் வருவாக."

"நீங்கதான் போங்களேன்."

"அம்புட்டுப் பெரிய பலகைல ஒத்தையில உக்காந்தா நல்லாவா இருக்கும்?"

சண்டை போடக்கூடத் தெம்பில்லை. அவரை மனதுக்குள் திட்டியபடியே கண்ணை மூடினேன்.

"சத்தம் போடாதப்பா. சார் தூங்குறாரு."

நாலாம் ஆளின் குரல் கேட்டு விழித்தபோது எதிரே துடைப்பத்தோடு ஒரு ஆள் நின்றிருந்தார். வண்டி மதுரையில் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. பெட்டியில் வேறு யாருமில்லை. பலகையில் பக்கத்தில் இருந்த இருவரும் எப்போதோ இறங்கிப் போயிருந்தார்கள். என் தலை நாலாம் ஆளின் தோளில் இருந்தது. அவர் சட்டையில் என் எச்சில்.

"என்னண்ணே, எழுப்பக் கூடாதா? கடையில காத்துக்கிட்டிருப்பாகளே?"

"பூட்டு எங்க போயிரப் போகுது சார்? நான் எந்திரிச்சா நீங்க சாஞ்சிருவீக."

கையை உயர்த்த முடியாமல் உயர்த்தி, மரத்துப்போன தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். பையை நான் தூக்கிக்கொண்டேன். நல்ல கனம். ஆபீசுக்கு ஏற்கெனவே நேரமாகிவிட்டது. இருந்தாலும் அவரோடு கடைவரை மெதுவாகவே நடந்தேன்.