மிஸிஸ் சூசைப்பிள்ளைக்கு ஒரு கதிரை

பொதுமக்களோடு மரியாதையாகக் கதைக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஆளறியாமல் கொடுத்தால் மரியாதை வீணாகிப் போகும் அல்லவா? ஆகவே துறைமுகத்தடிக் கந்தோரில் அதற்கொரு படிவம் அச்சடித்தார்கள். ஆணென்றால் அவர் தொழிலை எழுத வேண்டும். பெண்ணென்றால் புருசனின் தொழிலை.

உப்புவெளியில் இரண்டறை விடுதி நடத்தும் அருள்மலர், அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் போனார். அன்றே கடைசி நாள். தவறினால் கதவுக்குச் சீல்.

"வீட்டில ஐயா வரேல்லையோ?" என்றார் கிளாக்கர் றுவைஸ்.

"அவர் செத்து ஏழு வருசம். விடுதி என்ர பேரில."

"அது பிறகு. உங்களை என்னெண்டு கூப்பிடுறது எண்டு முதல்ல முடிவெடுக்கோணும். அவர் என்ன தொழில்?"

"கடற்தொழில்."

புருசன் பெயர் சூசைப்பிள்ளை என்று எழுதிக்கொண்டு, றுவைஸ் படிவத்தின் அட்டவணையில் விரல் வைத்தார். கடற்தொழில்: 'இஞ்ச பார்', நிற்கவும். கடை முதலாளி: 'அக்கா', வாங்குப் பலகையில் இருக்கலாம். அரசாங்கம், நிரந்தரம்: 'மிஸிஸ்', கதிரை, தேத்தண்ணி.

"இஞ்ச பார், அவர் இப்ப எங்க?"

"சேமக்காலையில, குழிக்குள்ள."

"அது ஆரின்ர காணி?"

"அரசாங்கக் காணி."

"தற்காலிகமோ, நிரந்தரமோ?"

அருள்மலர் யோசித்தார். "உலகம் முடியுமட்டும் எண்டுதான் பாதர் சொன்னவர்."

"அப்ப நிரந்தரம். இருங்கோ மிஸிஸ் சூசைப்பிள்ளை."

கதிரை வந்தது. உயிரோடிருந்த காலத்தில் மனுசன் ஒரு வாங்குகூட வாங்கித் தந்ததில்லை. தேத்தண்ணியும் வந்தது, பால் விட்டு.

காலை எட்டு மணியிலிருந்து நின்ற தோப்பூர் ஸல்ஹா குனிந்து கேட்டார்: "எனக்கும் அப்பிடி எழுதச் சொல்லுங்கோவன்."

"உங்கட மனுசன் உயிரோடயோ?"

"ஓம்."

"அப்ப ஏலாது," என்றார் மிஸிஸ் சூசைப்பிள்ளை.

பத்திரம் தயாரானது. இனி ஒரு கையொப்பம்தான். உள்ளறைக்குப் போனார். பெரிய மேசையில் இளம்பெண்ணொருத்தி பேனையும் கையுமாக இருந்தார். அருள்மலர் சீலைத் தலைப்பை இழுத்துவிட்டு, தன் புதிய அந்தஸ்துக்கேற்ற குரலில் சொன்னார்:

"பிள்ளை, மிஸிஸ் சூசைப்பிள்ளை வந்திருக்கிறா எண்டு ஐயாவிட்டச் சொல்லும்."

அந்தப் பெண் பேனையை மெதுவாக மூடினார். "வெளியில இருங்கோ மிஸிஸ். ஐயா வந்தோடன சொல்லுறன்."

கந்தோர் மூடும் நாலேகாலுக்கு அந்த இளம்பெண், கையொப்ப அதிகாரி தர்சிகா, கைப்பையை எடுத்துக்கொண்டு, உள்ளறையைப் பூட்டினார். அருள்மலர் கதிரையை விட்டெழும்பி மரியாதையாகக் கேட்டார்:

"ஐயா வர இன்னும் நேரம் செல்லுமோ, பிள்ளை?"

"செல்லும் மிஸிஸ்," என்றார் தர்சிகா, அதைவிட மரியாதையாக.