என் புத்தகத்தைத் தடை செய்யுங்கள்

அன்பு மைத்துனனுக்கு,

இங்கு எல்லோரும் நலம். அங்கும் அப்படியே என்று நம்பி நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ கொடுத்தனுப்பிய நாவல்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

அதில் வரும், புத்தகங்களைத் தடை செய்யும் கொடுங்கோல் நாட்டில், ஜனங்கள் ஒரு கதைப் புத்தகத்தைத் தலையணைக்குள் வைத்துத் தைத்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படிக்கிறார்களே, அந்த இடத்தில் மற்றவர்களுக்குக் கண்ணீர் வரும். எனக்குப் பொறாமை வந்தது. நான் கைக்காசு போட்டு அச்சடித்த நாவல் கட்டிலுக்கடியில் கட்டுக்கட்டாகத் தூங்குகிறது; நூலகப் பிரதியைச் சீந்த ஆளில்லை; உன் அக்கா அதைத் தொட்டதுகூட இல்லை. தடை போட்டால் தேடித் தேடிப் படிப்பார்களே என்று என் மூளையில் உதித்தது. கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் மாட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போய், "இது குடும்பத்தைக் கெடுக்கிற புத்தகம், உடனே தடை பண்ணுங்க" என்றேன். நூலகர் அம்மாள் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "கெடுக்கணும்னா யாராவது படிச்சிருக்கணுமே சார்? நான் படிச்சுப் பார்க்கறேன், திங்கக்கிழமை வாங்க" என்றார். போனால், "பொண்டாட்டிக்குக் காய்ச்சல்னு புருஷன் பாத்திரம் தேய்க்கறானே, அந்த இடத்துல அழுதுட்டேன் சார்!" என்கிறார். பக்கத்தை நிரப்ப எழுதிய இடம் அது. எனக்கு ஒரு வாசகி! ஆனால் புகார் கொடுத்தவன் எப்படி இளிப்பது? "சுத்த அபத்தம், எழுதினவனுக்கு எழுதவே தெரியலை" என்று மேஜையைத் தட்டினேன். "பெரிய மனசு இருக்கறவர்தான் சார் இப்படி எழுத முடியும்" என்று அவர் சண்டைக்கே வந்துவிட்டார். என்னை நானே திட்டி, தோற்று, புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டு, கால் தரையில் பாவாமல் வீடு வந்து சேர்ந்தேன். அடுத்த நாவலைத் தொடங்கியாயிற்று.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

உன் அத்தான்,
எழுத்தாளன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் இந்தக் கடிதத்தை உன் அக்காவிடம் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். நாவலின் பின்னட்டையில் என் படம் இருப்பதை நான் மறந்தே போய்விட்டேன். அந்த நூலகர் அம்மாள் நான் புகார் கொடுத்த அன்றைக்கே வீட்டுக்குப் போன் போட்டு, "உங்க வீட்டுக்காரர் தன் புத்தகத்தையே தடை பண்ணச் சொல்றாரும்மா, என்ன செய்ய?" என்று கேட்டாராம். "பாத்திரம் தேய்க்கிற இடத்தை மட்டும் புகழ்ந்து அனுப்புங்க, மத்தது தேறாது" என்று சொல்லிக்கொடுத்ததே உன் அக்காதான். மற்றது தேறாது என்று தெரிய வேண்டுமானால் முழுவதும் படித்திருக்க வேண்டுமே! உன் அக்கா படித்திருக்கிறாளடா! காகிதத்தில் அங்கங்கே ஈரம் பட்டிருந்தால் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துவிடாதே. பாத்திரம் தேய்த்த சோப்புத் தண்ணீர்.