கோல் போட வரவழைத்த மழை

பந்தாட்டத்தில் பந்தை அதிகம் தொடாதவனுக்குத்தான் யோசனை அதிகம் வரும். காலுக்கு வேலை இல்லாதபோது மூளை சும்மா இருக்காது. சேலத்தில் கல்லூரி படித்த காலம் முழுக்க நான் கால்பந்து அணியில் இருந்தேன். (இருந்தேன் என்றால், கோட்டுக்கு வெளியே பெஞ்சில். அந்த பெஞ்சு பளபளவென்று இருந்ததற்கு என் பேண்ட்தான் காரணம்.) பட்டம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியபோது வேலை கிடைக்கவில்லை. கால்பந்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நம்பிக்கை மட்டும் குறைவில்லாமல் கூடவே வந்தது.

எங்கள் ஊர் ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில். சுற்றிலும் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, விளையும் காடுகள், அந்தக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி ஆக்கும் சேகோ ஆலைகள். அதில் ஒன்று என் தாய்மாமாவுடையது. அரைத்த மாவைச் சிமெண்டுக் களத்தில் பரப்பி வெயிலில் காயவைப்பார்கள். ஒரு தூறல் விழுந்தால் போதும், அத்தனையும் கூழ்தான். அதனால் ‘மழை’ என்று யாராவது குரல் கொடுத்தால், சோற்றில் கை வைத்தவனும் எச்சில் கையோடு எழுந்து களத்துக்கு ஓடுவான்.

மாமாவின் மகள் கமலா எனக்கு முறைப்பெண். அவளைத் தவிர வேறு யாரையும் கட்டுவதில்லை என்று நான் எப்போதோ முடிவு செய்திருந்தேன். (அவளிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.) அம்மா தன் அண்ணனிடம் பேச்சை எடுத்தார். மாமா மறுக்கவில்லை, சம்மதிக்கவும் இல்லை.

“பையன் நல்ல பையந்தான். ஒரு காரியத்தையாச்சும் உருப்படியா முடிச்சுக் காட்டட்டும். அப்பறம் பேசிக்கலாம்” என்றார்.

அந்தக் காரியமும் தானாகவே வந்து சேர்ந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் எங்கள் ஆலை ஆட்களுக்கும் பக்கத்து ஊர் ஆலை ஆட்களுக்கும் கால்பந்துப் போட்டி நடக்கும். போன வருஷம் கோப்பை அவர்களிடம் போனதில் மாமாவுக்கு நெஞ்செரிச்சல். இந்த வருஷம் நீயே தலைமை ஏற்று ஜெயித்துக் கொடு என்றார். அது எண்பத்திரண்டோ எண்பத்துமூன்றோ, வருஷம் சரியாக நினைவில்லை. கோப்பையோடு கல்யாணப் பத்திரிகையும் கையில் வந்துவிட்டதாகவே நான் நினைத்துக்கொண்டேன்.

போட்டி எங்கள் களத்தை ஒட்டிய பொட்டலில். ஊருக்கெல்லாம் பொங்கல் விடுமுறை, எங்கள் களத்துக்கு மட்டும் கிடையாது. நல்ல வெயிலை வீணாக்குவது மாமாவின் ஜாதகத்திலேயே இல்லை. மாவு வெள்ளை வெளேரென்று பரந்து கிடந்தது. பெண்கள் அதைக் கிளறிக்கொண்டிருக்க, கமலா மேற்பார்வை பார்த்தாள். மாமா நாற்காலியில் உட்கார்ந்து, எதிரணியினர் கொண்டுவந்து மேசையில் வைத்த கோப்பையை எடுத்து மடியில் வைத்திருந்தார். திரும்பக் கொடுக்கும் உத்தேசம் அவருக்கு இல்லை.

போட்டியில் ஒரு விதி உண்டு. ஆட்டம் சமமாக முடிந்தால் கோப்பை போன வருஷம் ஜெயித்தவர்களுக்கே. ஆகவே அவர்கள் கோல் போடவேண்டிய அவசியமே இல்லை, வாங்காமல் இருந்தால் போதும். விசில் ஊதியதும் அவர்கள் பதினோரு பேரும் தங்கள் கோலுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்கள். ரேஷன் கடை வரிசைகூட அவ்வளவு நெருக்கமாக இருக்காது.

எங்கள் ஆட்கள் நடுவிலேயே முட்டி முட்டித் திரும்பினார்கள். நான் வியூகத்தை மாற்றினேன். ஓரமாகக் கொண்டுபோய் உயரமாகத் தூக்கிப் போடுங்கள், ஒருத்தன் தலையால் முட்டட்டும் என்றேன். பந்து அழகாகத்தான் வந்தது. ஆனால் பண்டிகை நாள் என்று எங்கள் ஆட்கள் தலைக்கு வழிய வழிய எண்ணெய் வைத்திருந்தார்கள். பந்து தலையில் பட்டு வழுக்கிப் பின்பக்கம் போனது.

சரி, தூரத்திலிருந்தே ஓங்கி உதையுங்கள் என்றேன். உதைத்த பந்து கோலுக்கு மேலே பறந்து எங்கள் களத்து மாவில் போய் விழுந்தது. கிளறிக்கொண்டிருந்த பெண்கள் எங்கள் பரம்பரையையே விசாரித்தார்கள். பந்து திரும்பி வந்தபோது விபூதி பூசியது போல வெள்ளையாக இருந்தது.

இடைவேளைக்குப் பிறகு என் பெரிய தந்திரத்தை எடுத்தேன். நெருங்கி நிற்பவர்களை உடைக்க ஒரே வழி, அவர்களை வெளியே இழுப்பது. நாம் எல்லோரும் பின்வாங்கினால் ஆசைப்பட்டு முன்னால் வருவார்கள், அவர்கள் வீடு காலியாகும். கல்லூரிப் பயிற்சியாளர் சொல்லிக் கேட்டது. (பெஞ்சுக்கு எல்லாம் நன்றாகவே கேட்கும்.) பந்தை வைத்துக்கொண்டு பாதி மைதானம் பின்னால் போனோம்.

அவர்கள் வரவில்லை. கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தார்கள். அப்புறம் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவன் மடியிலிருந்து நிலக்கடலையை எடுத்துப் பக்கத்தில் இருந்தவனுக்கும் கொடுத்தான். அவர்கள் தலைவன் கிட்டுசாமி தோலை ஊதிக்கொண்டே சொன்னான்:

“நீங்க மெதுவா வாங்க. நாங்க எங்கீங்க போகப்போறோம்.”

கூட்டம் சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. களத்துப் பக்கம் திரும்பினேன், கமலா சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் புத்தி பேதலித்தது.

ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரந்தான். இந்தப் பதினோரு பேரை இந்த இடத்திலிருந்து எது கிளப்பும்? பந்து கிளப்பாது, ஆசை கிளப்பாது, அவமானமும் கிளப்பாது. ஆனால் அவர்களும் சேகோ ஆலை ஆட்கள்தானே! என் முன்னாட்டக்காரன் மாரிமுத்துவை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, நான் ‘மழை’ என்று கத்துவேன், அவர்கள் ஓடுவார்கள், நீ பந்தோடு காலி கோலுக்குள் போய்விடு என்று சொல்லி வைத்தேன். மற்றவர்களிடம் சொல்லவில்லை. எங்கள் ஊரில் ரகசியம் என்றால் தண்டோரா போட்ட மாதிரி.

மாரிமுத்து பந்தோடு அவர்கள் கோல் பக்கம் போய்ச் சேர்ந்தான். நான் நெஞ்சு நிறைய மூச்சிழுத்துக் கத்தினேன்.

“மழ வருது! களத்த அள்ளுங்க!”

முதலில் ஓடியது எங்கள் கோல்கீப்பர். அவனுக்குப் பின்னால் எங்கள் தடுப்பாட்டக்காரர்கள். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கோப்பையோடு ஓடினார். ஓரத்தில் நின்ற எங்கள் ஊர்க் கூட்டமும் ஓடியது. மாரிமுத்து பந்தை அப்படியே விட்டுவிட்டு எல்லோரையும் முந்தினான். இதில் சொல்ல வெட்கமாக இருப்பது ஒன்று உண்டு. நானும் ஓடினேன். கத்தியவன் நான், பொய் என்று தெரிந்தவனும் நான், களத்தில் போய் நின்று மாவை வாரிக் குவித்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

எதிரணி ஆட்கள் மட்டும் அசையவில்லை. அவர்கள் ஆலையில் பொங்கலுக்கு நிஜமாகவே லீவு விட்டிருந்தார்கள். அவர்கள் களத்தில் ஒரு பிடி மாவு கிடையாது, நனைய என்ன இருக்கிறது? அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்கள். தை மாத வானம், துடைத்து வைத்த தாம்பாளம் மாதிரி இருந்தது. கிட்டுசாமி கடலைத் தோலைத் தட்டிவிட்டு எழுந்து, கன்றுக்குட்டியை ஓட்டிக்கொண்டு போவது போலப் பந்தைத் தட்டித் தட்டி, ஆளில்லாத மைதானத்தைக் கடந்து எங்கள் கோலுக்குள் கொண்டுபோய் விட்டான். நடுவராக வந்திருந்தவர் சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் குமாஸ்தா, சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். விசில் ஊதவில்லையே, ஆட்டம் நிற்கவில்லையே என்று கோல் கொடுத்துவிட்டார்.

களத்தில் மாவு குவிந்து, மேலே தார்ப்பாய் ஏறிவிட்டது. மாமா கோப்பையாலேயே அள்ளியிருக்கிறார், மீசையெல்லாம் வெள்ளை. கமலா மட்டும் இருந்த இடத்திலேயே நின்று வானத்தைப் பார்த்தாள்.

“மழ எங்கீங்க மாமா?” என்று என்னைக் கேட்டாள்.

நான் மாரிமுத்துவைப் பிடித்து உலுக்கினேன், உனக்குத்தான் முன்னாலேயே சொன்னேனே என்று. அவன் அழாத குறையாகச் சொன்னான்: “நெனப்பு இருந்துச்சுங்க. காதுல மழைனு உழுந்ததும் காலு கேக்கலீங்க.”

மாமாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கோப்பையைக் கவிழ்த்துக்கூடப் பார்க்காமல் கிட்டுசாமியிடம் நீட்டினார். அவன் பெருமையாகத் தலைக்கு மேல் தூக்கினான். உள்ளே இருந்த மாவு முழுவதும் அவன் தலையில் கொட்டியது. அன்று எங்களுக்குக் கிடைத்த ஒரே வெற்றி அதுதான்.

சாயங்காலம் மாமா வீட்டில் விசாரணை. கல்யாணப் பேச்சு அவ்வளவுதான் என்று நான் தூணோரம் நின்றிருந்தேன். மாமா, களத்தை இவ்வளவு வெரசாக இதுவரை யாரும் அள்ளியதில்லை, போகட்டும், இவன் களத்து மேஸ்திரியாகவாவது இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். பெண் விஷயத்தை எடுக்கவே இல்லை. எடுத்தது கமலா.

“இவர வெளியூருக்குக் குடுத்தா ஊரே நம்மளப் பாத்துச் சிரிக்கும்ங்கப்பா. நம்ம ஊட்லயே வெச்சுக்கலாம்” என்றாள்.

என்னைப் பற்றி அவள் சொன்னதிலேயே நல்ல வார்த்தை இன்றுவரை அதுதான். அவமானம் ஒரு பக்கம் இருக்க, அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் அதற்குப் பிறகு வந்ததில்லை. வைகாசியில் கல்யாணம் ஆனது. கிட்டுசாமி கோப்பையோடு வந்து போட்டோ எடுத்துக்கொண்டான்.

கதை அதோடு முடிந்திருக்கலாம். ஐப்பசியில் ஒரு நாள் மத்தியானம், நான் மாப்பிள்ளையும் மேஸ்திரியுமாகக் களத்து ஓரம் நிற்கும்போது, கிழக்கே கருகருவென்று மேகம் ஏறியது. உயிரே போகிற மாதிரி கத்தினேன். ஒருவரும் நகரவில்லை. மாவு கிளறிக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்:

“ஆட்டம் எங்கீங்க நடக்குது?”

அன்றைய மாவு முழுவதும் பாலாகக் கரைந்து வாய்க்காலில் ஓடியது. மாமா குடை பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். மறுநாள் முதல் என்னைக் கணக்கு அறையில் உட்காரவைத்தார்கள், அங்கே ஜன்னல் கிடையாது.

இப்போது எனக்குப் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்தக் கதை மனப்பாடம். வாசலில் நின்று வானத்தைப் பார்த்து, இன்றைக்கு மழை வரும்போல இருக்கிறது என்று நான் சொன்னால், கமலா உடனே எழுந்துபோய் ஈரத் துணிகளை எடுத்துவந்து வெளிக்கொடியில் காயப்போடுகிறாள். அநேகமாகச் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடுகின்றன.