ஏழாம் நம்பர் நாடா

"ஸ்டோர் பட்டியல்ல பெயிண்டு டப்பா ஒன்பதுன்னு திருத்துனோம். மிஷின் மறுபடியும் பன்னெண்டுன்னு அடிக்குது. அந்த மூணு டப்பாவ அது எங்கேர்ந்துப்பா கொண்டாந்துச்சு?" என்று மேனேஜர் மணவாளன் கேட்டார்.

பூவராகவன் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

1978, ஜூலைக் கடைசி. கும்மிடிப்பூண்டியில் அந்தக் கம்பெனி சொந்தமாகச் செய்த முதல் கம்ப்யூட்டர், நாலு பீரோ அளவுக்கு நின்றுகொண்டிருந்தது. மற்ற வேலைகளையெல்லாம் கட்டி மேய்க்கும் அடிப்படைப் புரோகிராமுக்குக் கெர்னல் என்று பெயர். அதை எழுதியவன் பூவராகவன். பட்டியலைப் பக்கம் பக்கமாகத்தான் மிஷின் எடுத்துக்கொள்ளும்; அதன் மெமரியில் பதினாறு பக்கத்துக்குத்தான் இடம். மிச்சப் பக்கங்கள் டிஸ்க்கில் காத்திருக்கும். ஒன்று உள்ளே வர வேண்டுமானால் ஒன்று வெளியே போக வேண்டும். கேன்டீன் பெஞ்சு மாதிரிதான். எழுதும்போது அவனுக்கு இது சுலபமாகவே தெரிந்தது.

"ஆகஸ்ட் பதினேழாம் தேதி மிஷின் வாங்கலாமான்னு டெல்லிக்காரங்க பார்க்க வராங்க. அன்னிக்கும் இது இப்படி அடிச்சுதுன்னா செக்ஷனை மூடிடுவாங்க. உன் புரொபேஷனும் அன்னியோட முடியுது, ஞாபகம் வச்சுக்கோ" என்றார் மணவாளன்.

வேலை போனால் ஆரம்பாக்கத்துக்குத் திரும்பி, மூன்று அண்ணன்களுக்கு நடுவே வரப்பில் நிற்க வேண்டும். "கம்ப்யூட்டர் இன்னாடா ஆச்சு?" என்று அவர்கள் ஆயுசுக்கும் கேட்பார்கள்.

இரண்டு நாள் நகத்தைக் கடித்து யோசித்ததில் கோளாறு பிடிபட்டது. திருத்தம் செய்த பக்கத்தை, டிஸ்க்கில் எழுதி வைக்காமலே கெர்னல் வெளியே தள்ளிவிடுகிறது. திரும்பக் கூப்பிட்டால் பழைய பக்கம்தான் வரும். 'திருத்திய பக்கமா? எழுதி வைத்துவிட்டு அனுப்பு' என்று நாலு வரி சேர்த்தான். பஞ்சிங் செக்ஷன் முத்தம்மாள் புதுக் கெர்னலைக் காகித நாடாவில் ஓட்டை போட்டுக் கொடுத்தாள். அதன் மேல் '1' என்று சீட்டு ஒட்டினான்.

மிஷின் ரூமுக்குள் ஆபரேட்டர் குப்புராஜைத் தவிர யாரும் போகக் கூடாது. தூசு ஆகாதாம். கெர்னலை எழுதியவனே ஆனாலும், ஜன்னலில் நாடாவைக் கொடுத்துவிட்டு ஜன்னலிலேயே அச்சடித்த தாளை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

"குப்புராஜ், இது புதுசு. இதை ஏத்தி ஓட்டு."

"ஆவட்டும் சார். நீங்க போயி நாஷ்டா பண்ணிட்டு வாங்க."

பூவராகவனுக்கு இருந்த தைரியத்தில், நாஷ்டாவுக்குப் போகாமல் நேரே மணவாளனிடம் போய், "சரி பண்ணிட்டேன் சார்" என்றான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவர் சந்தோஷப்பட்டு, நாற்பது சாமான் இருந்த ஸ்டோர் பட்டியலை நானூறாக்கி ஓட்டச் சொல்லிவிட்டார். தாள் வந்தது. இருபத்திரண்டு இடத்தில் தப்பு.

"முன்னாடி ஒண்ணு. இப்ப இருபத்திரெண்டு. இதுக்குப் பேரு ரிப்பேரா?"

பூவராகவன் அந்த நாலு வரியையும் சந்தேகப்பட்டான். சனி அங்கேதான் பிடித்தது. நாலையும் அடித்துவிட்டு, முதலில் வந்த பக்கம் முதலில் வெளியேற வேண்டும் என்று இரண்டாம் நாடா எழுதினான். பட்டியலை மணவாளன் எண்ணூறாக்கினார். ஐம்பது தப்பு. ரொம்ப நேரம் சும்மா கிடக்கும் பக்கத்தைத் தள்ளு என்றது மூன்றாம் நாடா. ஆயிரத்தைந்நூறு சாமானுக்கு நூற்றுப் பத்துத் தப்பு. திருத்திய பக்கத்தைத் தள்ளவே கூடாது என்று நாலாவதில் பூட்டே போட்டான். தப்பு இருநூறைத் தாண்டியது.

"இன்னா சார், தெனம் ஒண்ணு எடுத்துக்கினு வர்றீங்க" என்றான் குப்புராஜ், ஐந்தாவது நாடாவை வாங்கிக்கொண்டே. "கொஞ்சம் ஆற அமரச் செய்யக் கூடாதா?"

"ஆற அமரச் செய்ய எனக்கு ஏதுப்பா நேரம்?"

இப்போதெல்லாம் அவனால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. ரயிலில் எதிர் சீட்டைப் பார்த்து, இந்த நாலு பேரில் யாரை எழுப்பினால் யாருக்கும் நஷ்டமில்லை என்று கணக்குப் போட்டான். தூங்கி வழிந்த ஒருவரை நிஜமாகவே தோளில் தட்டிவிட்டான். அவர் எழுந்து, "சூலூர்பேட்டை வந்துட்ச்சா?" என்று கேட்டார்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. காலையில் சோற்றைப் போட்டபடியே மனைவி கனகாம்பாள் ஆரம்பித்தாள்.

"இன்னாங்க, தூக்கத்துல 'அவன வெளிய தள்ளு, அவன வெளிய தள்ளு'ன்னு பெனாத்திக்கினே கீறீங்க. யாரத் தள்ளணும்?"

"தெரியலியே. அதான் பேஜாரே."

"எங்கண்ணன் ஊட்டுக்கு வந்து நாலு நாள் ஆவுது. அவரச் சொல்றீங்களா?"

அவன் இல்லை என்று சொல்வதற்குள் மைத்துனர் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆறாம் நாடாவுக்குத் தப்பு நானூற்றைத் தொட்டது.

பதினேழாம் தேதி காலை, பூவராகவன் ஏழாம் நாடாவை ஜன்னலில் நீட்டினான். ஆறு நாடாக்களிலும் இருந்ததை வெட்டி ஒட்டி எழுதியது அது. உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்கே சரியாகத் தெரியாது. சட்டைப் பையில் ராஜினாமாக் கடிதம் தயாராக இருந்தது.

"குப்புராஜ், இன்னிக்கு என் பொழப்பே உன் கையிலதான் இருக்கு."

"கவலைய வுடுங்க சார். இன்னிக்கி நல்லா ஓடும்."

டெல்லிக்காரர்கள் மூன்று பேர் கண்ணாடிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நாலாயிரம் சாமான். அவர்களே கை போன போக்கில் அறுநூறு எண்களைத் திருத்தச் சொன்னார்கள். மிஷின் அரை மணி நேரம் கடகடவென்று அடித்தது. பூவராகவன் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான்.

தாளை அவர்கள் வரி வரியாகச் சரிபார்த்தார்கள். ஒரு தப்பு இல்லை.

மணவாளன் அவனைக் கட்டிக்கொண்டார். "அஞ்சு மிஷினுக்கு ஆர்டர்ப்பா. உன் வேலை நிரந்தரம், நானே கையெழுத்துப் போடறேன். நாளைக்கு அந்த ஏழாம் நம்பர் நாடாவைக் காப்பி எடுத்து அவங்களுக்கு அனுப்பணும். அதுல என்ன பண்ணேன்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடு."

பூவராகவனுக்குக் கண் கலங்கிவிட்டது. தனக்கே தெரியாமல் தான் ஒரு மேதையாக இருந்திருக்கிறோம் என்று தோன்றியது. ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, மாப்பிள்ளை நடை நடந்து ஜன்னலுக்குப் போனான்.

"குப்புராஜ், அந்த ஏழாம் நம்பர் நாடாவைக் கொடு."

குப்புராஜ் ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். உள்ளே ஆறு சுருள்கள், ரப்பர் பேண்டுகூடக் கழற்றாமல் அடுக்கியிருந்தன.

"ஏழுக்கு இன்னும் மொற வரலியே சார். ஆடி மாசத்துல புதுசு எதுனா ஏத்துவாங்களா, நேத்து வரைக்கும் பழசத்தான் ஓட்டிக்கினு இருந்தேன். இன்னிக்கி ஆவணி ஒண்ணு, உங்க மொத நாடாவ ஏத்துனேன். நாளைக்கி ரெண்டாவது போடட்டுமா?"